உதட்டசைவில் தமிழ்: புலம்பெயர்வும் கண்காணிப்பும் சேரும் டிஸ்டோபியா நாவல்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

துபாயில் கடலோரக் கோபுரக் குடியிருப்பு ஒன்று. ஊழியர்கள் புழங்கும் உள்கதவின் கும்மிருட்டிலிருந்து நான்கு பேர் வெளியே வருகிறார்கள்: அப்பா, அம்மா, மகள், மகன். அங்கிருக்கும் கேமராவில் ஒலி பதிவாவதில்லை. ஆனால் படம் மிகத் துல்லியமானது. உதட்டசைவைப் படிக்கும் மென்பொருள், அவர்கள் பேசுவது தமிழ் என்று கண்டுபிடித்துவிடுகிறது. நடைவழியில் இன்னொரு கேமரா. கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு அவர்கள் வெயிலுக்கு வந்ததும் ஒரே நேரத்தில் மூன்று கேமராக்கள். சுற்றுலாப் பயணிகள் எடுக்கும் செல்ஃபிகளிலும் அவர்கள் விழுகிறார்கள். தலைக்கு மேல் சத்தமே இல்லாத சிறிய டிரோன். ஜன்னலுக்குக் கம்பி போட்ட வண்டியிலிருந்து சீருடைக்காரர்கள் இருவர் இறங்கி, சுற்றுலாப் பயணிகள் மிரண்டுவிடாத வேகத்தில் நடக்கத் தொடங்குகிறார்கள். இன்னும் ஒரு நிமிடத்தில் அந்தக் குடும்பத்தின் முன்னால் வந்து நிற்பார்கள். அவர்களை மறித்து அழைத்துப் போவதோடு காட்சி முடிந்துவிடுகிறது.

பாகிஸ்தான் எழுத்தாளர் மொஹ்சின் ஹமீத் 2017இல் வெளியிட்ட ‘எக்ஸிட் வெஸ்ட்’ நாவலில் வரும் சின்னஞ்சிறு காட்சி இது. மையக் கதைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் தொடர்பில்லை. அவர்களுக்குப் பெயர் இல்லை. திரும்ப வருவதும் இல்லை. முதல் முறை படித்தபோது, ‘தமிழ்’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நால்வரும் என்ன பேசிக்கொண்டார்கள்? மென்பொருளுக்கு மொழி தெரிந்துவிட்டது. பேச்சு தெரியவில்லை.

ஊரை விட்டுப் போகிறவர்களையும் அவர்களைக் கண்காணிக்கும் கருவிகளையும் பேசும் நல்ல டிஸ்டோபியா (வாழ முடியாதபடி கெட்டுப்போன உலகைக் காட்டும்) நாவல்கள் எல்லாமே இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. மொழி எது என்று தெரிந்துகொள்வதற்கும் பேச்சைக் கேட்பதற்கும் நடுவே உள்ள தூரம் அது. புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் கருவிகளைத் தேடிப் படிப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். டிரோன் எப்படிப் பறக்கிறது, மின்னணுச் சில்லை உடம்பில் எங்கே பொருத்துகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள். அறிவியல் புனைவாக அது சுவாரசியம்தான். ஆனால் நாவல் அவர்கள் கைநழுவிப் போய்விடுகிறது. அப்படி நழுவாமல் படிக்க, நானும் எங்கள் வாசகர் வட்டத்து நண்பர்களும் சில ஆண்டுகளாகச் செய்து பார்த்த முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஆங்கிலம் ஓரளவு படிக்கத் தெரிந்தால் போதும். இலக்கியக் கோட்பாடு எதுவும் தேவையில்லை.

முதல் படி: ஒரு நோட்டு, நடுவில் ஒரு கோடு

எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கத்துக்குத் தலைப்பு: ‘கருவிக்குத் தெரிந்தது’. வலப்பக்கத்துக்கு: ‘கருவிக்குத் தெரியாதது’. படிக்கும்போது கேமரா, போன், படிவம், கைரேகை, விசாரணை அதிகாரி என்று எது வந்தாலும் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரி எழுதுங்கள். அதிகாரியையும் படிவத்தையும் கருவி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாவல்களில் மிகக் கொடுமையான கருவி பெரும்பாலும் ஒரு காகிதமாகத்தான் இருக்கிறது.

துபாய்க் காட்சியிலேயே பழகிப் பார்க்கலாம். இடப்பக்கம் எளிது: நான்கு பேர், ஒல்லியான உடல்வாகு, கருத்த நிறம், மொழி தமிழ், நடக்கும் திசை. வலப்பக்கத்துக்கு ஹமீத் நமக்குக் கொடுத்திருப்பதைப் பாருங்கள். அப்பா சட்டைப் பையையும் முதுகுப்பையின் அடிப்பகுதியையும் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். அம்மா, எதிரே வரும் பெண்களின் கண்ணைப் பார்ப்பதும் உடனே தலையைக் குனிந்துகொள்வதுமாக வருகிறார். மகள் வானத்திலிருந்து குதிக்கும் பாராசூட்காரர்களைக் கண் விரியப் பார்க்கிறாள். பையன் நடைபாதையில் போட்டிருக்கும் ரப்பர் தரையை ஒவ்வொரு அடியிலும் காலால் சோதித்துக்கொண்டு வருகிறான். இவை எல்லாமே கேமராவில் பதிவாகியிருக்கின்றன. ஆனாலும் கேமராவுக்கு இவை தெரியாது. ரப்பர் தரையை முதல் முறை மிதிக்கும் ஒரு சிறுவனின் பாதத்துக்கு என்ன தோன்றும் என்பது எந்தத் திரையிலும் ஏறாது.

இந்த ஒரு காட்சிக்கு அரை மணி நேரம் செலவழியுங்கள். வலப்பக்கத்தில் ஐந்து வரியாவது எழுதிய பிறகே மேலே போங்கள்.

இரண்டாம் படி: ‘எக்ஸிட் வெஸ்ட்’ நாவலை முழுதாகப் படிப்பது

தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான நாவலை நான் அறியவில்லை. சிறியது, 2017இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. வாக்கியங்கள் நீளமானவை, சில வாக்கியங்கள் அரைப் பக்கம் ஓடும். திணறினால் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு தானாகவே இடம் கண்டுபிடித்துக்கொள்ளும்.

கதை இதுதான்: பெயர் சொல்லப்படாத ஒரு நகரத்தில் சயீத், நாதியா என்ற இளைஞர்கள் மாலை வகுப்பு ஒன்றில் சந்தித்துப் பழகுகிறார்கள். நகரத்தில் போர் மூள்கிறது. உலகமெங்கும் சில சாதாரணக் கதவுகள் இருண்டு, வேறு நாடுகளுக்குத் திறக்கத் தொடங்குகின்றன என்று பேச்சு பரவுகிறது. இருவரும் ஒரு கதவு வழியே கிரேக்கத் தீவான மிக்கோனோசுக்கும், பிறகு லண்டனுக்கும், கடைசியில் கலிஃபோர்னியாவின் மரீனுக்கும் போகிறார்கள்.

புதியவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார்கள். நகரத்தின் பெயர் என்ன, லாகூரா, அலெப்போவா என்று துப்பறியத் தொடங்குவது ஒன்று. கதவு எப்படி வேலை செய்கிறது என்று கேட்பது இன்னொன்று. இரண்டையும் விட்டுவிடுங்கள். கதவை வைத்து ஹமீத் பயணத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடுகிறார். படகு, பாலைவனம், ஏஜென்ட், முள்வேலி எதுவும் இல்லை. கிளம்புவதும் போய்ச் சேர்வதும் மட்டுமே மிஞ்சுகின்றன. செய்தித்தாளில் நாம் பார்த்துப் பார்த்து மரத்துப்போன படங்கள் எல்லாம் இப்படிக் கழிந்த பிறகு, இரண்டு மனிதர்கள் தெளிவாகத் தெரிகிறார்கள்.

போனைப் பின்தொடருங்கள். சயீத் தன் போனை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திறப்பதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறான். நாதியா அப்படியில்லை, போன் வழியே உலகமெல்லாம் சுற்றி வருகிறாள். ஒருநாள் அரசு நகரம் முழுவதும் சிக்னலைத் துண்டிக்கிறது. நேற்று வரை சட்டைப் பையில் இருந்த காதலன் இன்று எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் தகவல் தொடர்பு துண்டிக்கப்பட்டதையும், அதிவேக மொபைல் இணையம் 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்காணிப்பு என்றால் பார்ப்பது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு இந்த அத்தியாயம் ஒரு திருத்தம். இணைப்பைக் கொடுக்கும் கை எப்போது வேண்டுமானாலும் அதைப் பறிக்கும்.

நாதியா எப்போதும் கழுத்திலிருந்து கால்வரை மறைக்கும் கருப்பு அங்கியை அணிகிறாள். உங்கள் நோட்டில் இடப்பக்கம்: ‘கருப்பு அங்கி’. எந்தக் கேமராவும் எந்தக் காவலரும் அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். வலப்பக்கம்: அவள் தொழுகிற பெண் அல்ல. தனியாக வாழும் பெண் அவள். ஆண்கள் தன்னிடம் வாலாட்டாமல் இருக்கவே அதை அணிகிறாள். லண்டனில் ஒரு நாள் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் செய்தி படித்துக்கொண்டிருக்கும்போது, படிக்கட்டில் உட்கார்ந்து போனில் செய்தி படிக்கும் தன் படத்தையே செய்தியில் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றுகிறது. தலை சுற்றுகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கருப்பு அங்கி அணிந்த வேறொரு பெண். இந்த இடத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். பார்க்கிறவர்களுக்கு அந்த இரண்டு பெண்களுக்கும் வித்தியாசமில்லை. இப்போது அவளுக்கே ஒரு கணம் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

எனக்கு மிகப் பிடித்த இடம் மரீனில் வருகிறது. அவர்கள் தங்கியிருக்கும் குடிசைக்குக் கதவாக இருப்பது ஒரு பிளாஸ்டிக் திரை. தேன்சிட்டு அளவே உள்ள டிரோன் ஒன்று அதில் மோதி விழுந்து கிடக்கிறது. இருவரும் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். பிறகு மண்ணைத் தோண்டிப் புதைக்கிறார்கள். பிரார்த்தனை செய்யப் போகிறாயா என்று நாதியா கேட்கிறாள். தங்களை வேவு பார்த்த கருவியை இறந்த பறவையைப் போலப் புதைக்கிறவர்களைப் பற்றி அந்தக் கருவியின் மறுமுனையில் இருந்தவர் என்ன அறிந்திருப்பார்? இதற்கு நோட்டில் ஒரு பக்கம் முழுதாக ஒதுக்குங்கள்.

மூன்றாம் படி: நாவலை மூடிவைத்து, நடப்பைப் படிப்பது

இரண்டாவது நாவலுக்குப் போவதற்கு முன் ஒரு வாரம், உண்மையில் என்ன நடக்கிறது என்று படியுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் ‘வருங்காலத்தில் இப்படியும் நடக்கலாம்’ என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். அகதிகளைப் பொறுத்தவரை அந்த வருங்காலம் எப்போதோ வந்துவிட்டது.

ஐரோப்பாவில் அடைக்கலம் கேட்பவர்களின் கைரேகைகளைச் சேர்த்துவைக்கும் ‘யூரோடாக்’ என்ற தரவுத்தளம் 2003 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. 14 வயது நிரம்பியவர்களிடம் ரேகை எடுத்தார்கள். 2024இல் நிறைவேறிய புதிய சட்டம் அந்த வயதை 6 ஆகக் குறைத்ததுடன், முகப்படத்தையும் சேர்த்திருக்கிறது. ஒருவர் முதலில் எந்த நாட்டில் நுழைந்தாரோ, பெரும்பாலும் அந்த நாடே அவருடைய விண்ணப்பத்தை விசாரிக்க வேண்டும் என்பது டப்ளின் விதி. ஆகவே கிரேக்கத்திலோ இத்தாலியிலோ வைத்த விரல், அண்ணன் இருக்கும் ஊருக்கு அவரைப் போகவிடாது. பிரிட்டனுக்குக் கடல் கடக்கப் பிரான்ஸின் கலேயில் காத்திருந்தவர்கள் சிலர், சூடான இரும்பில் விரல்நுனியைச் சுட்டு ரேகையை அழித்துக்கொண்டார்கள்.

இதைப் படித்த அன்று எனக்கு என் பெரியம்மாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் வந்த புதிதில் அவருடன் வரிசையில் நின்றேன். ஐம்பது வருடம் களையெடுத்துத் தேய்ந்த விரல்கள். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு. “வேறு விரலை வையுங்கள் அம்மா” என்றார் கடைக்காரர். சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் சிவப்பு. எண்ணெய் தடவி, துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்துக் கடைசியில் இடது மோதிரவிரலுக்குத்தான் பச்சை விளக்கு வந்தது. வீட்டுக்கு வரும் வழியில், “என் கை என்னுடையது இல்லை என்கிறதா அது?” என்று கேட்டார். பத்துக் கிலோ அரிசிக்கு நின்ற அவரையும் கலேயில் நின்றவர்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பெரியம்மாவின் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்ததால்தான், விரலைச் சுட்டுக்கொண்டவர்களைப் பற்றிய செய்தி எனக்கு வெறும் செய்தியாக நிற்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு விரல் இருக்கும். அதை வலப்பக்கத்தில் எழுதிவையுங்கள்.

ஜெர்மனியின் குடியேற்ற அலுவலகம், அடையாள ஆவணம் இல்லாதவர்களின் போனை வாங்கி அதிலுள்ள தரவைப் படிக்க 2017இல் சட்டம் இடம் கொடுத்தது. 2023 பிப்ரவரியில் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், ஆப்கானியப் பெண் ஒருவரின் வழக்கில், வேறு எளிய வழிகள் இருக்க அப்படிச் செய்தது சட்டப்படி தவறு என்று தீர்ப்பளித்தது. அதே அலுவலகம் 2017 முதல், விண்ணப்பதாரரிடம் ஒரு படத்தைக் காட்டிப் பேசச் சொல்லி, பேச்சைப் பதிவு செய்து, எந்த வட்டார வழக்கு என்று சொல்லும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. துபாய்க் காட்சியில் உதட்டசைவு மென்பொருள் வந்ததும் 2017இல்தான். நாவலாசிரியரின் கற்பனை புத்தகமாக வெளிவந்த அதே ஆண்டில் ஓர் அரசு அலுவலகத்தில் கருவி மேசைக்கு வந்துவிட்டது.

அமெரிக்க எல்லையில் நேர்காணலுக்கு நேரம் பெற 2023 ஜனவரி முதல் ஒரு போன் செயலியைப் பயன்படுத்தச் சொன்னார்கள். முகத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கருத்த நிறமுள்ள ஹைட்டி மக்களின் முகத்தைச் செயலி ஏற்க மறுத்ததாகத் தொடக்கத்தில் பல முறையீடுகள் வந்தன. 9 லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தச் செயலி வழியே நேரம் பெற்று உள்ளே வந்தார்கள். 2025 ஜனவரி 20 அன்று அது நிறுத்தப்பட்டது. கையில் தேதியோடு மெக்சிகோவில் காத்திருந்தவர்களின் தேதிகள் அன்றே ரத்தாயின.

இந்த மூன்றும் போதும். நிறையச் சேர்க்காதீர்கள், நோட்டு, செய்தித்தாள் கத்தரிப்பாக மாறிவிடும்.

நான்காம் படி: ‘தி ட்ரீம் ஹோட்டல்’, கூடவே ஒரு காலண்டர்

லைலா லலாமி மொரோக்கோவில் ரபாத்தில் பிறந்து, படிக்க அமெரிக்கா வந்து அங்கேயே தங்கிவிட்டவர். ஒருநாள் காலை போனை எடுத்தபோது, இப்போது கிளம்பினால் யோகா வகுப்புக்கு இத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று அது தானாகவே சொல்லியதாம். எந்த நாளில், எத்தனை மணிக்கு வகுப்பு என்று அவர் போனிடம் சொன்னதே இல்லை. அந்தத் திடுக்கிடலில் முளைத்த நாவல், பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து 2025இல் வெளிவந்தது.

சாரா ஹுசைன் மொரோக்கோ வழிவந்த அமெரிக்கப் பெண். அருங்காட்சியக ஆவணக் காப்பாளர். இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய். நல்ல தூக்கத்துக்காகத் தலையில் ஒரு கருவி பொருத்திக்கொண்டிருக்கிறார். அது கனவுகளையும் பதிவு செய்து விற்கிறது என்பது நிபந்தனைப் பட்டியலில் எங்கோ எழுதியிருக்கிறது. லண்டனிலிருந்து திரும்பும்போது லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் அவரை நிறுத்துகிறார்கள். கனவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டதில், கணவருக்குத் தீங்கு செய்யும் ஆபத்து இருப்பதாக அவருடைய மதிப்பெண் சொல்கிறது. 21 நாள் கண்காணிப்பில் இருந்தால் போதும் என்கிறார்கள். குற்றச்சாட்டு கிடையாது, வழக்கு கிடையாது, சிறை என்ற சொல்லும் கிடையாது.

இங்கேதான் காலண்டர் வேண்டும். ஒரு தாளில் 21 கட்டம் வரையுங்கள். தலைமுடியை விதிப்படி வைக்கவில்லை என்பது போன்ற சில்லறைக் காரணங்களுக்காக நாள்கள் கூட்டப்படும்போதெல்லாம் கட்டத்தைக் கூட்டுங்கள். நான் அப்படி வரைந்தபோது தாள் போதாமல் இன்னொன்றை ஒட்டவேண்டி வந்தது. ‘கதை நகரவே இல்லை’ என்று முதல் நூறு பக்கத்தில் பலர் அலுத்துக்கொள்கிறார்கள். அலுப்பு உண்மைதான், அது கதைக்குள்ளேயே இருக்கிறது. தடுத்துவைக்கப்பட்டவரின் நாள் அப்படித்தான் நகரும். அதை விறுவிறுப்பாக எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

அத்தியாயங்களுக்கு நடுவே சேவை நிபந்தனைகள், கூட்டக் குறிப்புகள், மின்னஞ்சல்கள் வரும். தாண்டிப் போய்விடாதீர்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படியுங்கள். வினைச்சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். யார் செய்தது என்று சொல்லாத வினைகள் எத்தனை என்று எண்ணுங்கள். ‘முடிவு எடுக்கப்பட்டது’, ‘நீட்டிக்கப்படுகிறது’. நம் ஊர் அலுவலகக் கடிதங்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இது சட்டென்று புரியும். இடப்பக்கத்தில் இந்த நாவலுக்கு எழுத ஏராளமாக இருக்கும். கனவு வரை எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. வலப்பக்கத்தில் எழுதத்தான் திணறுவீர்கள். கனவு கண்டவள் அந்தக் கனவுக்கு என்ன பொருள் கொள்கிறாள் என்பதை மட்டும் யாரும் அவளிடம் கேட்பதில்லை. அதை எழுதுங்கள்.

ஐந்தாம் படி: மறுபக்கம்

இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்து, காவல் நிற்பவரின் கண்ணிலிருந்து ஒன்று படிக்க வேண்டும். ஜான் லான்செஸ்டரின் ‘தி வால்’ (2019) அதற்கு ஏற்றது. கடல்மட்டம் உயர்ந்த பிறகு பிரிட்டனைச் சுற்றி மதில் எழுப்பியிருக்கிறார்கள். இளைஞர்கள் எல்லாரும் இரண்டு வருடம் அதன்மேல் காவல் நிற்க வேண்டும். கடல் வழியே வருகிறவர்களுக்கு ‘மற்றவர்கள்’ என்று பெயர். எத்தனை பேர் உள்ளே நுழைகிறார்களோ, அத்தனை காவலர்களைக் கடலில் தள்ளிவிடுவார்கள். நாட்டுமக்கள் எல்லார் உடம்பிலும் சில்லு இருப்பதால், நுழைந்தவர் எப்படியும் பிடிபட்டுவிடுவார். முதல் சில அத்தியாயங்களில் குளிரைப் பற்றி மட்டுமே நிறைய வரும், பொறுமையாகப் படியுங்கள். காவலனையும் அந்தச் சில்லு எண்ணிக்கொண்டிருக்கிறது என்பது மெதுவாக உறைக்கும்.

ஆங்கிலத்தில் நாவல் படிப்பது சிரமம் என்றால் அலெக்ஸ் ரிவேராவின் ‘ஸ்லீப் டீலர்’ (2008) படத்தைப் பாருங்கள். எல்லை மூடியிருக்கிறது. மெக்சிகோ இளைஞர்கள் டிஹுவானாவில் உள்ள கூடங்களில் நின்று, கையிலும் முதுகிலும் கம்பிகளைச் செருகிக்கொண்டு, அமெரிக்காவில் இருக்கும் இயந்திரங்களை இயக்குகிறார்கள். கட்டடம் அங்கே எழும்புகிறது, களைப்பு இங்கே சேர்கிறது. 1942 முதல் 1964 வரை மெக்சிகோ விவசாயிகளைத் தற்காலிகக் கூலிகளாக அமெரிக்கா அழைத்துக்கொண்ட ‘ப்ராசெரோ’ திட்டத்தைப் பற்றி நாலு பக்கம் படித்துவிட்டுப் பார்த்தால், ரிவேரா எதை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பது விளங்கும். உழைப்பு வேண்டும், உழைப்பவர் வேண்டாம் என்ற பழைய ஆசைக்கு இங்கே கம்பி போட்டிருக்கிறார்கள்.

இந்த இரண்டிலும் மனிதர்கள் கொஞ்சம் மெலிந்துதான் இருக்கிறார்கள். கருத்து பலமாக இருக்கும் அளவுக்கு முகங்கள் பலமாக இல்லை. ஆகவே இவற்றை முதலில் எடுக்காதீர்கள்.

ஆறாம் படி: நம் எழுத்துக்குத் திரும்புவது

டிஸ்டோபியா என்று பெயர் சொல்லிக்கொள்ளாத தமிழ் எழுத்தில் இந்த உலகம் முப்பது நாற்பது வருடமாக இருக்கிறது. ஈழத்திலிருந்து போனவர்கள் எழுதிய கதைகளில், அடைக்கலம் கேட்கும் விண்ணப்பத்தைக் குறிக்கும் ‘கேஸ்’ என்ற சொல்லைத் தேடுங்கள். கேஸ் எழுதுவது, கேஸ் கொடுப்பது, கேஸ் ரிஜெக்ட் ஆவது. ஒருவர் பட்ட துன்பத்தை அதிகாரி நம்பும் வடிவத்தில், தேதி மாறாமல், ஒவ்வொரு விசாரணையிலும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) நாவலில் பிரான்ஸில் அடைக்கலம் கேட்கும் விண்ணப்பம் ஒன்று வருகிறது. உங்கள் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அதைப் படியுங்கள். விண்ணப்பத்தில் இருக்கும் ஆள் இடப்பக்கம், நாவல் முழுவதும் இருக்கும் ஆள் வலப்பக்கம். சாரா ஹுசைனின் கோப்புக்கும் இதற்கும் இடையே கருவிதான் மாறியிருக்கிறது.

மொழியைக் கொண்டு ஆளைப் பிடிக்க மென்பொருள் வேண்டும் என்பதும் இல்லை. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களைத் தேடிக் கும்பலாக வந்தவர்கள் பஸ்களை மறித்து, வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். அதன் முதல் எழுத்தை ஆங்கில ‘b’ போல ஒலிக்க முடியாமல் தடுமாறியவர்களை இறக்கிக் கொன்றார்கள். உயிர் தப்பியவர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். துபாய்க் காட்சியில் உதடுகளைப் படிக்கும் கருவியை நான் வெறும் தொழில்நுட்பக் கற்பனையாகப் படிக்க முடியாமல் போனது இதனால்தான். அந்தக் கேள்வியை நம் வாய் ஏற்கனவே ஒருமுறை எதிர்கொண்டிருக்கிறது.

புனைவு அல்லாத ஒன்றையும் இங்கே சேர்க்கலாம். குர்திய எழுத்தாளர் பெஹ்ரூஸ் பூச்சானி, பப்புவா நியூகினியில் ஆஸ்திரேலியா நடத்திய மானுஸ் தீவு அகதி முகாமில் அடைபட்டிருந்தபோது, ஒளித்துவைத்திருந்த போனில் வாட்ஸ்அப் செய்திகளாகவே ஒரு புத்தகம் முழுவதையும் எழுதி வெளியே அனுப்பினார். 2018இல் வெளிவந்த அந்தப் புத்தகத்துக்கு 2019இல் ஆஸ்திரேலியாவிலேயே அதிகத் தொகை கொண்ட இலக்கியப் பரிசு கிடைத்தது. பரிசைப் பெற்றுக்கொள்ளும் மேடைக்கு அவரால் வர முடியவில்லை. அப்போதும் அவர் பப்புவா நியூகினியில்தான் இருந்தார். இந்த நாவல்களில் போன் எப்போதும் காட்டிக்கொடுக்கும் கருவியாகவே வருகிறது என்று முடிவு கட்டத் தொடங்கியிருந்தால், இதைப் படித்துவிட்டு நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: எழுதிப் பார்ப்பது

தனியாகப் படித்தாலும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பேசுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு காட்சி போதும். ‘தனியுரிமை நல்லதா, பாதுகாப்பு நல்லதா’ என்று பட்டிமன்றம் நடத்த வேண்டாம். காட்சியை வாய்விட்டுப் படித்துவிட்டு, நோட்டின் வலப்பக்கத்தை ஒவ்வொருவராக வாசித்தால் போதும்.

எல்லாம் முடிந்த பிறகு துபாய்க் காட்சிக்குத் திரும்புங்கள். கதவுக்கும் சீருடைக்காரர்களுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் பேசிக்கொண்டதை, தமிழில், ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். எந்த ஊர்த் தமிழ் என்று முதலில் நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும். மன்னாரா, திருகோணமலையா, ராமநாதபுரமா? மென்பொருள் அதைச் சொல்லவில்லை. அப்பாவின் முதுகுப்பையில் என்ன இருந்தது என்பதையும் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

எங்கள் வட்டத்தில் இதைச் செய்தபோது பெரும்பாலானவர்கள் பக்கத்தை நிரப்பிவிட்டோம். நான் அப்பாவுக்கு நீண்ட வசனம் எழுதியிருந்தேன். வளைகுடாவில் ஒரு வீட்டில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பிய அக்கா ஒருவர் மூன்றே வரி எழுதியிருந்தார். மூன்றும் அம்மா சொல்வது:

“ஓடாதே. நட.”

“வானத்தைப் பார்க்காதே, கண்ணே. என் கையைப் பிடி.”

“தரை மெத்தென்று இருக்கிறது. செருப்பைக் கழற்ற வேண்டுமோ?”